செவிக்குக் கட்டாத நகரம்

குளுவாங், பத்து பகாட், மூவார் போன்ற ஜொகூர் ஊர்களின் பழைய கடைத்தெருக்களில் பொழுது சாயும் நேரம் அண்ணாந்து பார்த்தால் ஒரு விநோதமான கட்டடம் கண்ணில் படும். கீழ்த்தளத்தில் வழக்கம்போல் வியாபாரம் நடக்கும். மேல்மாடிச் சன்னல்கள் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கும். சுவரில் ஒரு துவாரம் மட்டும் விட்டு, அதன் அருகே ஒலிபெருக்கியை மாட்டியிருப்பார்கள். அதிலிருந்து இடைவிடாமல் குருவிச் சத்தம் வந்துகொண்டிருக்கும். உள்ளே கூடு கட்டுபவை உழவாரக் குருவிகள். மலாய்க்காரர்கள் வாலிட் என்பார்கள். எச்சிலால் ஆன அந்தக் கூட்டுக்குச் சீனர்களிடம் நல்ல விலை உண்டு. இந்தக் குருவி இருட்டில் 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு வழி கண்டுபிடிக்கும். வௌவாலின் ஒலியைப் போலன்றி அது மனிதக் காதுக்கும் கேட்கும். ஆகவே இந்த வீட்டைக் கட்டுகிறவர் சத்தத்தைத்தான் முதலில் யோசிக்கிறார். வெளியே பறக்கும் குருவியை அழைக்க ஒரு பதிவு, உள்ளே வந்ததைத் தங்கவைக்க இன்னொரு பதிவு, அதற்கென உத்தரங்களின் இடுக்கில் டஜன்கணக்கில் சிறு ஒலிபெருக்கிகள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஜொகூரில் காதை மனத்தில் வைத்துக் கட்டப்படும் கட்டடம் எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் படிக்கவும் பெரியவர்கள் தூங்கவும் பக்தர்கள் கும்பிடவும் எழும்பும் கட்டடங்களில் அந்தக் கேள்வியைக் கேட்பவர் அரிது.

நகர இரைச்சல் பற்றிய நம் பேச்சு எப்போதும் யார் சத்தம் போட்டார் என்பதில் தொடங்கி அதிலேயே முடிகிறது. புகைக்குழாயை மாற்றிய மோட்டார் சைக்கிள்காரன், கரோக்கே பாடும் பக்கத்து வீட்டுக்காரர், உருமி மேளக் குழு, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, விடிய விடியத் திறந்திருக்கும் உணவகம் என்று குற்றவாளிப் பட்டியல் நீளும். இவர்களில் சிலர் உண்மையாகவே குற்றவாளிகள்தாம். ஆனால் ஒரே சத்தம் ஓரிடத்தில் தொல்லையாகவும் இன்னோரிடத்தில் பொருட்டில்லாமலும் இருப்பதற்குக் காரணம் நடுவில் நிற்கும் சுவரும் மேலே உள்ள கூரையும்தான். இரைச்சலின் பெரும்பகுதி கட்டுமானத்தின் விளைவு என்பதும், அதைத் தீர்க்க ஏற்ற இடம் காவல் நிலையமல்ல, கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் மேசை என்பதும்தான் இக்கட்டுரையின் வாதம்.

மலேசியாவில் இதற்கு விதியே இல்லை என்று சொல்ல முடியாது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் ஒலி மாசையும் தன் வரம்பில் வைத்திருக்கிறது. சுற்றுச்சூழல் துறை 2007இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2019இல் அதைத் திருத்தியது. 2007 வழிகாட்டியின்படி பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம் உள்ள பகுதிகளில் பகலில் 50 டெசிபல், இரவில் 40 என்பது உச்ச வரம்பாக இருந்தது. நெருக்கமான நகரக் குடியிருப்பில் 60, 50. வணிகப் பகுதியில் 65, 55. பகல் என்பது காலை 7 முதல் இரவு 10 வரை. டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தோன்றும். எண்களில் பெரிய குறையில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. வழிகாட்டி என்பது சட்டமல்ல. அதோடு இந்த எண்கள் வீட்டுக்கு வெளியே, காற்றில் அளக்கப்படுபவை. வெளியே 60 டெசிபல் இருக்கும் தெருவில் படுக்கையறைக்குள் எவ்வளவு நுழையும் என்பதைச் சுவரும் சன்னலும் முடிவு செய்கின்றன. படுக்கையறைக்குள் 30 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே சொல்லிவிட்டது. வெளியே 60, உள்ளே 30 என்றால் நடுவில் உள்ள 30 டெசிபலுக்கு யார் பொறுப்பு?

பழைய ஜொகூர் பாருவில் இந்தக் கேள்விக்கு யாரும் எழுதிவைக்காத ஒரு விடை இருந்தது. ஜாலான் தான் ஹியோக் நீ போன்ற தெருக்களில் இன்றும் நிற்கும் கடைவீடுகளைப் பாருங்கள். முகப்பு குறுகல், உள்ளே நீளம் அதிகம். தெருவுக்கும் கடைக்கும் இடையில் ஐந்தடி நடைபாதை, அதற்கப்பால் கடை, நடுவில் வானம் பார்த்த முற்றம், அதற்கும் பின்னால் சமையலும் படுக்கையும். தெருச் சத்தம் ஒவ்வொரு கட்டமாகத் தேய்ந்துதான் பின்னறைக்குப் போகும். கட்டியவர்கள் ஒலியியல் படித்தவர்களல்ல. வெயிலுக்கும் மழைக்கும் காற்றுக்கும் கட்டினார்கள். ஆனால் முன்புறம் இரைச்சல், பின்புறம் அமைதி என்ற ஒழுங்கு அந்த அமைப்பிலேயே இருந்தது. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தை அறிந்த நமக்கு இது அந்நியமானதல்ல.

நம்மவர்களில் பலர் அந்த வீடுகளில் வாழவில்லை என்பது வேறு கதை. தோட்டத்து லயன் வீடுகளில் அறைக்கும் அறைக்கும் நடுவிலிருந்த பலகைத் தடுப்பு பல இடங்களில் கூரையைத் தொடாது. முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும் என்பது வேடிக்கைப் பேச்சாக இருக்கலாம்; ஆனால் ஒரு குடும்பத்தின் சண்டை வரிசை முழுவதற்கும் தெரிந்த செய்தியாக இருந்தது உண்மை. பெரட்டு மணி எல்லாரையும் ஒரே நேரத்தில் எழுப்பியது. தோட்டம் துண்டாடப்பட்டு ஜனம் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்தபோது, கல் சுவர் வந்துவிட்டது, இனி நம் வீட்டுப் பேச்சு நம் வீட்டோடு என்று நம்பினோம். அந்தச் சுவரைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம்.

1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகள் இரு வீடுகளுக்கும் பொதுவான சுவர் 200 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் கான்கிரீட் சட்டகத்தால் கட்டப்படும் வரிசை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் அது 100 மில்லிமீட்டராகக் குறையலாம் என்ற சலுகையும் அதிலேயே இருக்கிறது. சட்டகம் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது, தீயும் பரவாது; அப்புறம் சுவர் மெலிந்தால் என்ன என்பது கணக்கு. கனத்தைத் தீர்மானித்த அந்த யோசனையில் காதுக்கு இடமில்லை. சுவரின் எடை இரட்டித்தால் அது தடுக்கும் ஒலி சுமார் 5, 6 டெசிபல் கூடும் என்பது பொது விதி. பாதியானால் அவ்வளவு குறையும். பூச்சோடு கூடிய அரைச் செங்கல் சுவர் சாதாரணப் பேச்சைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கீழ்சுருதி ஒலியை, அதாவது ஹோம் தியேட்டரின் 'தும் தும்'மை, அதனால் தடுக்க முடியாது. போதாததற்கு அந்தச் சுவரில் இந்த வீட்டு சுவிட்ச் பெட்டிக்கு நேர் பின்னால் அந்த வீட்டு சுவிட்ச் பெட்டியைக் குடைந்துவைப்பார்கள். நடுவில் மிஞ்சுவது ஒரு விரல் கனம். ஒலிக்கு ஓட்டை ஒன்று போதும். 40 டெசிபல் தடுக்கும் சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தத்தில் அது 20 டெசிபல்தான் தடுக்கும். மீதி 99 பங்குச் சுவருக்குக் கொட்டிய காசு வீண். இதற்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவர் மீது ஒருவர் புகார் கொடுத்துக்கொள்கிறார்கள். சுவரைக் கட்டிய மேம்பாட்டாளர் மட்டும் அந்த வழக்கில் வருவதே இல்லை.

அறைகளுக்குள் என்ன நடக்கிறது என்பது இன்னும் சுவையானது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் பேசினால் ஒன்றும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரை அழைத்து, சரிசெய் என்றார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்த மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளந்தார். வெற்று அறையில் அது சுமார் ஐந்தரை வினாடி நீடித்தது. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த பத்துச் சொல் வந்து அதன்மேல் விழுந்துவிடும். அந்த அளவீட்டிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: அறையின் கன அளவை அதிலுள்ள ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்து 0.161ஆல் பெருக்கினால் எதிர்முழக்க நேரம் வரும். உறிஞ்சும் பரப்புக்கு சபைன் வைத்த அலகு திறந்த சன்னல். ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் தன்மேல் விழும் ஒலியை முழுதாக விழுங்கிவிடுகிறது என்று பொருள்.

இந்தச் சூத்திரத்தை நம் மண்டபங்களில் வைத்துப் பார்ப்போம். ஜொகூர் பாருவில் ஜாலான் தெப்ராவ் பக்கம் உள்ள அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் உலகம் அறிந்தது. 1922இல் தோன்றிய அந்தச் சிறு ஆலயம் இன்று ஏறத்தாழ 300,000 கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பட்டு ஜொலிக்கிறது. கண்ணுக்கு அது விருந்து. அதன் புகழுக்குப் பிறகு, கண்ணாடி, பளிங்கு, கிரானைட் என்று மின்னும் பரப்புகள் மேல் எல்லாருக்கும் ஆசை பெருகியிருக்கிறது. அக்கோயிலை அளந்து சொல்லும் கணக்கல்ல இது. ஒரு கற்பனை மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 20 மீட்டர், அகலம் 15, உயரம் 8. சுற்றிலும் கல்லும் கண்ணாடியும். இவை தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும். கணக்குப் போட்டால் எதிர்முழக்கம் 11 வினாடி. இருநூறு பேர் உட்கார்ந்தால், துணியும் உடம்பும் உறிஞ்சுவதால், மூன்றரை வினாடிக்கு இறங்கும். பேச்சு தெளிவாகக் கேட்க ஒரு வினாடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எனவே ஓதுவார் பாடும் பதிகத்தில் ராகம் கேட்கும், சொல் கேட்காது. சொல் கேட்கவில்லையென்று ஒலிபெருக்கியைக் கூட்டுவார்கள். கூட்டினால் எதிர்முழக்கமும் அதே அளவு கூடும், தெளிவு ஓர் அணுவும் கூடாது. இப்போது மேற்கூரை 300 சதுர மீட்டரிலும் ஒலியில் நூற்றுக்கு எழுபது பங்கை உறிஞ்சும் பலகையைப் பதியுங்கள். அதே இருநூறு பேரோடு எதிர்முழக்கம் 1.2 வினாடிக்கு வந்துவிடுகிறது. சுவரில் ஒரு கண்ணாடித் துண்டைக்கூடத் தொட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக் கற்கோயில்களும் கல்தானே, அங்கே எப்படி என்று கேட்கலாம். அங்கே சத்தம் பெரிதாக எழும் இடங்கள் பெரும்பாலும் திறந்தவை. நாதஸ்வரமும் தவிலும் பிராகாரத்துக்கும் வீதியுலாவுக்கும் பிறந்த வாத்தியங்கள். நாலு புறமும் திறந்த மண்டபம் சபைனின் கணக்கில் ஒரு மாபெரும் சன்னல். அதே தவிலைக் கதவடைத்துக் குளிரூட்டிய மண்டபத்துக்குள் கொண்டுவந்து, முன்னால் ஒலிவாங்கியும் வைத்துவிட்டு, காது வலிக்கிறது என்றால் குற்றம் தவிலினுடையதல்ல. ஒலிபெருக்கி வந்த பிறகுதான் கட்டடத்துக்கும் குரலுக்கும் இருந்த உறவு அறுந்தது. 1900இல் கட்டி முடிக்கப்பட்ட ஜொகூர் சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசலின் மினாராக்கள் மனிதக் குரலின் காலத்தவை. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரின் சுல்தான் பள்ளிவாசலில் 1936இல் பாங்குக்கு ஒலிபெருக்கி வந்துவிட்டது. உலகில் இதற்கு முந்திய பதிவு கிடைப்பது அரிது. கருவியைத் திறமையாகப் பயன்படுத்தவும் வழி உண்டு. லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் பேச்சு பல வினாடி முழங்கும். 1951இல் அங்கே பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து அலறவிடாமல், மக்கள் அமரும் உயரத்தை நோக்கி மட்டும் ஒலியை வீசும் நெடிய தூண் வடிவப் பெருக்கிகளை வைத்தார்கள். தொலைவில் உள்ளவற்றுக்கு ஒலி சிறிது தாமதித்துப் போகும்படியும் செய்தார்கள். குறைந்த சத்தத்தில் அதிகத் தெளிவு கிடைத்தது. நம் கோயில்களும் திருமண மண்டபங்களும் எழுபது ஆண்டுக்கு முந்திய அந்தப் பாடத்தைக்கூட இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

கோயிலில் சொல் புரியாவிட்டால் பக்தி குறைந்துவிடாது. வகுப்பறையில் அப்படி விட முடியாது. அமெரிக்கத் தர நிர்ணயம், ஆளில்லாத வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்கும் எதிர்முழக்கம் 0.6 வினாடிக்கும் மேற்படக் கூடாது என்கிறது. ஆசிரியர் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் 65 டெசிபல் என்றால் நான்கு மீட்டரில் நேராக வந்து சேர்வது 53. பின்னணியைவிடக் குரல் 15 டெசிபல் உயர்ந்திருந்தால்தான் பிள்ளைக்கு முழுதாகப் புரியும். ஜொகூரில் தமிழ்ப்பள்ளிகள் சுமார் எழுபது. அவற்றில் பல தோட்டத்தில் பிறந்தவை. தகரக் கூரை, கண்ணாடிப் பட்டிச் சன்னல், நடைகூடத்தை ஒட்டிய வகுப்பு என்பது நாடெங்கும் பழகிய பள்ளிக்கூட வடிவம். நவம்பர் பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், உள்ளடுக்கில்லாத தகரத்தின் மேல் விழும் மழை ஆசிரியரை வாயடைத்துவிடும். பாடம் நின்று 'எழுதிக்கொள்' ஆகிவிடும். மெய்யெழுத்துகளின் ஒலி உயிரொலிகளைவிட ஆற்றல் குறைந்தது; இரைச்சலில் முதலில் மூழ்குவது அதுதான். தமிழோடு மலாயும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்கும் பிள்ளைக்குச் சுமை மேலும் கூடுகிறது, ஏனெனில் தாய்மொழியல்லாத பேச்சை இரைச்சலில் பிரித்தறிவது கடினம் என்பது பல முறை நிறுவப்பட்ட ஒன்று. லகர ளகர ழகரம் பிள்ளைகளுக்கு வருவதில்லை என்று அங்கலாய்ப்பவர்கள் ஒரு தடவை கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கலாம்.

இது ஊகமல்ல என்பதற்கு நியூயார்க்கில் ஒரு தெளிவான சான்று இருக்கிறது. மன்ஹாட்டனில் உயரப்பாதை ரயிலை ஒட்டிய ஒரு தொடக்கப்பள்ளியில், ரயில் பக்கத்து வகுப்புகளில் படித்த பிள்ளைகள் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை அர்லீன் பிரான்சாஃப்ட் 1975இல் வெளியிட்டார். மேல்வகுப்பில் அந்த இடைவெளி ஏறக்குறைய ஓராண்டளவுக்கு வளர்ந்திருந்தது. பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்தார்கள். வகுப்பறைக் கூரைக்கு ஒலி உறிஞ்சும் பலகை அடித்தார்கள். 1981இல் வெளியான அவரது அடுத்த ஆய்வில் இடைவெளி மறைந்திருந்தது. ரயிலை நிறுத்தவில்லை, பாடத்திட்டத்தையும் மாற்றவில்லை. மாறியது கட்டுமானம் மட்டும். புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நாலு கிலோமீட்டர் ஆர்.டி.எஸ். ரயில் பாதையும் அதைச் சுற்றிப் புதுக் கோபுரங்களும் எழும்பும் ஜொகூர் பாருவுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது.

மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, ஒழுக்கம் பற்றியது: மனிதர்கள் மெதுவாகப் பேசினால் பிரச்சினை தீர்ந்துவிடுமே. தீராது. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்று பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் 1911இல் விளக்கினார். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமான திருமண மண்டபத்தில் ஒவ்வொரு மேசையும் பக்கத்து மேசையை மிஞ்சப் பேசுகிறது. இசைக்குழு எல்லாரையும் மிஞ்ச வாசிக்கிறது. தமிழர்கள் கத்துகிறவர்கள் என்ற பழியில் பாதி, நாம் வாடகைக்கு எடுக்கும் மண்டபங்களின் கூரையைச் சேர வேண்டியது.

இரண்டாவது மறுப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு. சத்தம் நம் வாழ்வின் உயிர்ப்பு. அமைதி வேண்டும் என்பது பணக்காரத் தாமான்காரர்களின் குரல். இன்று மேளத்தை அடக்குவார்கள், நாளை திருவிழாவையே அடக்குவார்கள் என்ற அச்சம் அது. ஜொகூர் பாரு மேளத்தால் பெயர் பெற்ற ஊர். சீனர்களின் இருபத்து நான்கு பருவ முரசு 1988இல் இங்கேதான் உருவானது, ஜாலான் துருஸ் பழைய கோயிலின் சிங்கே ஊர்வலம் இரவு முழுவதும் தெருவை அதிர வைக்கிறது. ஆண்டுக்கு ஓரிரவு ஊரே கூடி எழுப்பும் முழக்கத்தை டெசிபல்மானியால் அளப்பது மடமை. ஆனால் கட்டடத்தைச் சரிசெய் என்ற கோரிக்கை மேளத்துக்கு எதிரி அல்ல, துணை. சென்னையில் ஒரு தேவாலயத்துக்கும் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், மற்றவர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என இந்திய உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரிதான். ஆனாலும் சாலையில் ஓடும் வாகனங்களே இரைச்சலுக்குக் காரணம் என்று தேவாலயத் தரப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அறிக்கையைக் காட்டி வாதிட்டதும் பதிவில் இருக்கிறது. நீதிமன்றம் வரை போன பிறகு சுவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒலியை அளந்து ஒருவரை வாயை மூடச் சொல்வதே மிஞ்சுகிறது. வழிபாட்டு உரிமையைக் காக்க விரும்புகிறவர்கள், வழிபடும் இடத்தின் சுவரையும் கூரையையும் முதலில் கவனிப்பது புத்திசாலித்தனம்.

மூன்றாவதுதான் வலுவானது. இது வெப்ப நாடு. சன்னலைத் திறக்காமல் வாழ முடியாது. துணைவிதிகளே அறையின் தரைப்பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு காற்றுக்குத் திறக்க வேண்டும் என்கின்றன. திறந்த சன்னல் 10, 15 டெசிபலுக்கு மேல் தடுக்காது. அப்படியென்றால் கனத்த சுவர் எதற்கு? இந்த வாதம் சன்னலை எங்கே வைப்பது என்ற கேள்வியைத் தாவிச் செல்கிறது. படுக்கையறையை நெடுஞ்சாலைக்கு முதுகு காட்ட வைப்பது, மாடிப்படியையும் குளியலறையையும் சாலைப் பக்கம் தள்ளுவது, பால்கனிக் கைப்பிடிச் சுவரைக் கெட்டியாக எழுப்புவது ஆகியவற்றுக்குச் செலவு சொற்பம். வரைபடத்திலேயே முடிந்துவிடும் வேலை. ஹாங்காங்கின் அரசு அடுக்குமாடிகளில் காற்று வளைந்து நுழைய, ஒலி இடையில் மடங்கித் தேயும் இரட்டைச் சன்னல்கள் வந்துவிட்டன. பழைய கடைவீட்டு முற்றமும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்தது. செலவு என்ற நாலாவது மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. தகரக் கூரைக்கு அடியில் பாறைப்பஞ்சு விரித்தால் மழைச் சத்தமும் குறையும், வெயில் சூடும் குறையும். சூட்டுக்கு எப்படியும் செலவழிக்கப்போகிறோம்.

ஜொகூர் பாரு மாநகர் மன்றமும் அண்டை மன்றங்களும் வீட்டு வரைபடத்தோடு ஒரு பக்க ஒலிக் கணக்கையும் கேட்டு வாங்கலாம்: பொதுச் சுவர் எத்தனை டெசிபல் தடுக்கும், படுக்கையறைக்குள் இரவில் எவ்வளவு நுழையும் என்று. தரவு மையங்களின் இரவு முழுவதுமான 'ஹும்' ஒலி ஜொகூர் ஊர்களை நெருங்கும் இந்த நேரத்தில் அது இன்னும் அவசரம். மன்றங்கள் அசையும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி வாரியத்தில் இருப்பவர்கள் அடுத்த மானியம் வரும்போது முகப்பு வளைவுக்கு முன்னால் வகுப்பறைக் கூரையின் உள்ளடுக்குக்குப் பணம் ஒதுக்குங்கள். கோயில் திருப்பணிக் குழுவில் இருப்பவர்கள் அடுத்த குடமுழுக்குக்கு மதிப்பீடு போடும்போது கண்ணாடி, பளிங்கு, வர்ணம் ஆகியவற்றோடு, மேற்கூரைக்கு ஒலி உறிஞ்சும் பலகை என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.